வட்டையில் தொங்கிய கலியாண டிஸ்க்

ஏறாவூரில் சி.டி., டிவிடி கொப்பி அடிக்கிற கடை வைத்திருந்தே நரைத்தவன் நான். பழைய டிஸ்க்கைப் பென் டிரைவில் ஏற்றித் தரச் சொல்லி இன்றைக்கும் ஆட்கள் வருகிறார்கள். பாதிப்பேர் என்னிடம் ஏச்சு வாங்காமல் போவதில்லை. சித்தாண்டியில் வயல் செய்கிற வேலாப்போடியாரையும் முதலில் ஏசத்தான் செய்தேன்.

அவர் கொண்டுவந்தது ஒரு பென் டிரைவ்.

"தம்பி, இதுக்க மகள்ட கலியாணப் படம் இருக்கு. ரீவியில குத்தினா ஒண்டும் வருகுதில்ல."

கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்தேன். ஒரேயொரு ஃபைல். அளவு ஒரு கேபி. மூலையில் சின்ன அம்புக்குறி. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"போடியார், இது படமில்ல, ஷோர்ட்கட். படம் எங்க கிடக்கெண்டு காட்டுற குறி மட்டும்தான். ஒரு கலியாணம் எண்டா ஒரு டிஸ்க்கே நிறையும். இது ஒரு கடதாசித் துண்டளவும் காணாது. ஆரு ஏத்தின?"

"மருமகன். ஏத்திப்போட்டுப் படத்தை ஓட்டியும் காட்டினாரே!"

"அந்த நேரம் டிஸ்க் கொம்பியூட்டருக்க இருந்திருக்கும், அதான் ஓடியிருக்கு. டிஸ்க்கைக் கொண்டாங்க, நான் ஒழுங்கா எடுத்துத் தாறன்."

அவர் முகம் செத்துப்போனது. "அது வட்டையில" என்றார்.

வட்டை என்றால் வயல்வெளி. கதிர் பால் பிடிக்கிற நேரம், குருவி விழாமலிருக்க எங்கள் பக்கத்து வயல்களில் பழைய டிஸ்க்குகளை நூலில் கட்டித் தொங்கவிடுவார்கள். "எல்லாம் ஏத்தியாச்சு மாமா, இனி இது தேவையில்ல" என்று சொல்லிவிட்டு மருமகன் கட்டாருக்கு விமானம் ஏறியிருக்கிறார். இவர் அந்த டிஸ்க்கையும் மற்றவற்றோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்.

"என்ர பொஞ்சாதி மோசம்போய் வாற மாசம் ஆண்டுத் திவசம், தம்பி. ஊருல எந்தக் கலியாணமெண்டாலும் அவதான் முதல் குரவை போடுவா. போட்டோ எத்தனையோ இருக்கு. அவட சத்தம் அதுக்க மட்டும்தான் இருக்கு."

படம் பிடித்த ஸ்டூடியோவிலும் கேட்டாராம். எப்போதோ அழித்துவிட்டோம் என்றார்களாம். யா அல்லாஹ், அதற்குமேல் நான் எங்கே ஏசுவது?

மறுநாள் வட்டையில் தொங்கியதையெல்லாம் நூலோடு அறுத்துக்கொண்டு வந்தார். எழுத்தெல்லாம் மழையில் போய்விட்டது. வெயில் தின்ற டிஸ்க்குகள் வெறும் கண்ணாடிபோல இருந்தன. ஒவ்வொன்றாகப் பிளேயரில் போட்டேன். ஒன்று மட்டும் பிடித்தது. மகள் பெயர், மருமகன் பெயர், கீழே 'பிளே' என்று திரையில் மெனு வந்தது.

"இந்தா வருது!" போடியார் எழும்பிவிட்டார்.

டிவிடி நடுவிலிருந்துதான் வாசிக்கத் தொடங்கும். நூல் நழுவாமலிருக்கச் செருப்பு ரப்பரை வெட்டி நடுவில் வைத்திருந்தார். அந்த ரப்பரின் நிழலில் மெனு தப்பியிருந்தது. மெனுவின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டிக்குள் கலியாணக் காட்சிகள் ஓடின. அதில் அந்த அம்மா, வாயருகே கையை வைத்துக் குரவை போட்டுக்கொண்டிருந்தார். மேலே ஸ்டூடியோக்காரன் ஒட்டிய கீபோர்ட் இசை.

'பிளே'யை அமத்தினேன். டிஸ்க் சுற்றியது, கடகடத்தது, நின்றது. வேறு டிரைவில் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன், ரிகவரி சொஃப்ட்வெயர் போட்டும் பார்த்தேன். படம் இருந்த வெளிப்பக்கம் முழுக்க வெயிலில் அழிந்துபோயிருந்தது.

"படம் வேணாம் தம்பி. சத்தத்த மட்டும் எடுத்துத் தந்தாக் காணும்."

"படமும் சத்தமும் ஒரே ஃபைலுக்கதான் பின்னிக் கிடக்கும் போடியார். அந்த ஃபைலே இப்ப இல்ல."

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: கொப்பி எடுத்தபின் டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். ஃபைலின் அளவைப் பாருங்கள். அதன்பிறகு அதை எறியலாம். மருமகனிடம் இதைச் சொல்ல அன்று ஒருவரும் இருக்கவில்லை.

போடியார் போகவில்லை. மெனுவை இன்னொருதரம் போடச் சொன்னார். போட்டேன்.

"சத்தத்தக் கொஞ்சம் கூட்டு தம்பி. இந்தப் பாட்டுக்குக் கீழ அவட குரவை கிடக்கும்."

கிடக்காது. மெனு செய்யும்போதே மூலச் சத்தத்தை வெட்டிவிட்டுத்தான் இசையை ஒட்டுவார்கள். அது எனக்குத் தெரியும். முழுதாகக் கூட்டினேன். கடை அதிரக் கீபோர்ட் ஒலித்தது. அவர் ரீவியில் காதை வைத்துக்கொண்டு நின்றார்.