குணத்தின் தோளில் கிடந்த பட்டி

குணம் இறந்த செய்தி தெல்லிப்பழையில் ஒரு கலியாண வீட்டில் வைத்து எனக்கு வந்தது. தாலி கட்ட இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. வீடியோக் கமராவை முக்காலியில் நிறுத்திக்கொண்டு நின்றேன். எங்கள் ஸ்ரூடியோ முதலாளி தொலைபேசியில், "குணம் மோசம் போயிட்டான். நெஞ்சுவலியாம்," என்றார். அதே மூச்சில் கேட்டார்: "கடைக் கமரா அவன்ரை வீட்டிலையோ கிடக்குது?" நாற்பத்தொரு வயது மனிதன் செத்த காலையில் கேட்கிற கேள்வியா அது?

முப்பத்தோராம் நாளுக்கு அச்சிட்ட இந்த அந்தியேட்டி நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் எல்லோரும் அரியாலைக் குணத்தை அறிந்தவர்கள். உங்கள் வீட்டுக் கலியாணத்தையோ, பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டையோ அவன் படம் பிடித்திருப்பான். அவனுடைய கழுத்தை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். ஒரே ஸ்ரூடியோவில் பதினொரு வருடம் கூட வேலை செய்த நான் கவனித்தேன்.

கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையோடு போக முடியாது. படம் பிடிக்கிறவனுக்கும் விலக்கில்லை. கடைப் பெயர் போட்ட சேட் வாசலிலேயே கழன்றுவிடும். முதலாளிக்கு அது பொறுக்கவில்லை. கமராவைத் தொங்கவிடும் பட்டியில் பெயரை அடித்துக் கொண்டுவந்தார். இரண்டு விரல் அகலங்கூட இல்லாத நைலோன் பட்டி. வெறும் உடம்பில், உச்சி வெயிலில், வியர்வையோடு அதை ஆறு மணித்தியாலம் போட்டுப் பார்த்தால் தெரியும்.

நெல்லியடிப் பக்கத்துக் கோயில் ஒன்றில் தேர். தேர் இருப்பிடம் வந்தபின் கிணற்றடியில் குணம் அந்தப் பட்டியைக் கழற்றினான். கழுத்தில் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. கூட்டத்தில் யாரோ இடித்ததில் பட்டியின் பிளாஸ்ரிக் பூட்டும் நழுவி, விழப்போன கமராவை முழங்காலால் தடுத்திருந்தான். "கழுத்தும் அறுது, கமராவும் விழுது. பிறகென்னத்துக்கு உது?" என்றான். நான் தண்ணீர் அள்ளி ஊற்றினேன்.

அடுத்த வாரம் வேறு பட்டி வாங்க யாழ்ப்பாண நகரத்துக் கமராக் கடை ஒன்றுக்குப் போனோம். உள்ளே போனதும் குணம் சேட்டைக் கழற்றினான். கடைக்காரர் பதறிப்போய், "தம்பி, என்ன செய்யிறீர்?" என்றார்.

"தோலிலை கிடக்கப்போற சாமானைச் சேட்டுக்கு மேலை போட்டு என்னெண்டு பாக்கிறது?"

ஒவ்வொரு பட்டியிலும் கமராவைக் கொளுவிக் குனிந்தான், நிமிர்ந்தான், வடம் இழுக்கிறவனைப்போலப் பின்னால் சாய்ந்தான். தோற்பட்டியை எடுத்த எடுப்பில் தள்ளிவைத்தான். மூலஸ்தானத்து வாசலில் மாட்டுத்தோலோடு நிற்க எந்த ஐயர் விடுவார்? கடைசியில் நாலு விரல் அகலப் பருத்திப் பட்டி ஒன்றை எடுத்தான். திருகி இறுக்கும் இரும்புப் பூட்டு; கழுத்தில் தொங்காமல் தோளிலிருந்து நெஞ்சுக்குக் குறுக்கே கிடக்கும். பூட்டை வெடுக்கென்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்த பிறகுதான் வாங்கினான். "பூணூலும் போட்டிட்டாய், இனி மந்திரம் மட்டுந்தான் மிச்சம்," என்று நான் பகிடி பண்ணினேன்.

அந்தப் பட்டியோடு அவன் போன முதல் திருவிழாவில் நான் அவனை ஒரு படம் எடுத்தேன். வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நின்றான். மறுநாள் கடையில் படத்தைப் பார்த்த முதலாளி, "என்ரை பேர் எங்கையடா?" என்று கத்தினார்.

"பேர் வேணுமெண்டால் என்ரை நெத்தியிலை எழுதிவிடுங்கோ. கழுத்தை மட்டும் விடுங்கோ," என்றான் குணம்.

அதோடு திருவிழாவுக்கு அவனை அனுப்புவது நின்றது. தேர் அசையும் கணத்துக்காக வருடம் முழுவதும் காத்திருக்கிறவனை, கடைக்குள் இருத்திக் கடவுச்சீட்டுக்குப் படம் பிடிக்க வைத்தார்கள். இரண்டு வருடம். "ஆக்களைச் சிரிக்க வேண்டாமெண்டு சொல்லுறதுதான் இப்ப என்ரை வேலை, அண்ணை," என்பான்.

செத்தவீட்டன்று அரியாலைச் சந்தியில் கடையின் பெயரோடு ஆளுயரக் கண்ணீர் அஞ்சலிப் பதாகை. அதில் நான் எடுத்த அதே படம். ஆனால் பருத்திப் பட்டியைக் கணினியில் அழித்துவிட்டு, கடைப் பெயர் பளிச்சென்று தெரிய நைலோன் பட்டியை அவன் கழுத்தில் மாட்டியிருந்தார்கள். முதலாளியிடம் போய்க் கேட்டேன்.

"செத்தவனுக்கு இனிக் கழுத்து நோகப்போகுதே?" என்றார்.

குணத்தின் மனைவி வசந்தி பதாகையை ஒருதரம்தான் பார்த்தார். "உது இவரில்லை, அண்ணை," என்றார்.

பட்டப்பகலில், சந்தியில் சனம் பார்த்துக்கொண்டிருக்க, கயிற்றை வெட்டிப் பதாகையை இறக்கினேன். பின்னேரம் முதலாளி அழைத்தார். "திருப்பிக் கட்டு. இல்லாட்டி நாளைக்கு வராதை."

"வரேல்லை," என்றேன்.

இந்த மலரின் முகப்பில் இருப்பது நான் எடுத்த படம், எடுத்தபடியே. பருத்திப் பட்டியை வசந்தி எனக்குத் தந்துவிட்டார். அதில் கொளுவ இப்போது என்னிடம் கமரா இல்லை. ஆனாலும் வைத்திருக்கிறேன். அந்தப் படத்தைப் பார்த்து அன்று கடையில் முதலாளி கத்தியபோது நான் குணத்துக்குப் பக்கத்தில்தான் நின்றேன். தலையைக் குனிந்து கமராவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தலைகுனிவையும் வைத்திருக்கிறேன்.