கோட்டை வாசலில் எடுத்த படம்

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த புதிதில், காஜா பெராங் பகுதியில் எங்கள் வரிசை வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக, இடிந்த பழைய கோட்டையில் மிஞ்சியிருந்த வாசலில் நின்று படம் எடுத்துவந்து சுவரில் மாட்டினார்கள். என் கணவரும் அலுவலக நண்பரிடம் கேமரா இரவல் வாங்கினார். மகளுக்கு அப்போது பத்து மாதம். பிடிமானம் இருந்தால் நிற்பாள். கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போகும். அதனால் கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு போத்தல், வெந்நீரில் அலசி இஸ்திரி போட்ட வெள்ளைத் துணி ஒன்று எடுத்துக்கொண்டேன். துணி, அவளைத் தரையில் விட நேர்ந்தால் விரிப்பதற்கு.

பள்ளியில் அந்த வாசலை வரைந்து பாராட்டு வாங்கியவள் நான். வரைந்ததில் நாற்றம் இல்லை. வளைவுக்குள் கால் வைத்ததுமே மூத்திர நெடி கண்ணைக் கரித்தது. மேலே வௌவால்கள், கீழே அவற்றின் எச்சம், மிதிபட்ட பழத்தோல், ஈக்கள். சுவரில் இடுப்பு உயரம் வரை வெற்றிலை எச்சில், பழையதன்மேல் புதியது வழிந்து.

“அவளைக் கீழ விடு. சுவரப் பிடிச்சிக்கிட்டுத் தனியா நிக்கட்டும்,” என்றார் கணவர்.

“இங்கயாங்க? நாறுது.”

“ரெண்டே நிமிசம். கரைஞ்சா போயிடுவா?”

விட்டேன். குமட்டல் தாங்காமல், அவளுக்கென்று கொண்டுவந்த துணியால் என் மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பினேன். கேமரா சத்தம் கேட்டுப் பார்த்தபோது அவள் எதையோ மென்றுகொண்டிருந்தாள். உதட்டோரம் சிவப்பு.

இரத்தம் என்றே நினைத்தேன். விரலை விட்டு இழுத்தேன். சுவரிலிருந்து உதிர்ந்த காரை. அதில் வெற்றிலைச் சாறு பிசுபிசுத்தது. எவன் வாயிலிருந்தோ வந்தது என் மகள் வாயில். போத்தல் தண்ணீர் முழுவதையும் ஊற்றிக் கழுவினேன். அவள் அலறினாள். நான் சுவரோரம் வாந்தி எடுத்தேன்.

எதிரே கச்சாங் பூத்தே என்ற வறுகடலை விற்றுக்கொண்டிருந்த நம் தமிழர் ஒருவர் சிரித்தார். “வெள்ளக்காரன் இடிச்சும் மிச்சமா நின்ன சுவரு, தங்கச்சி. ஒம் பொண்ணு தின்னே தீத்துருவா போல!”

என் கணவரும் சேர்ந்து சிரித்தார்.

அடுத்த நான்கு நாள் அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அணையாடையை மாற்றும்போதெல்லாம் குனிந்து ஆராய்ந்தேன். எவ்வளவு விழுங்கியிருப்பாள்? மருத்துவமனைக்குப் போகலாமா? நீ எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கேட்பார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தேன் என்று சொல்வதா? அதற்கு வெட்கப்பட்டுத்தான் போகவில்லை. காய்ச்சல் வரவில்லை என்பதால் நான் செய்தது சரியாகிவிடாது.

படம் கழுவி வந்தது. வளைவுச் சுவரைப் பிடித்தபடி மகள், ஒரு கன்னம் உப்பி. கறுப்பு வெள்ளையில் அந்தச் சிவப்பு வெறும் நிழலாகத் தெரிந்தது. ஓரத்தில் நான், முகம் திரும்பி, மூக்கில் அவளுடைய துணி.

“நல்லா விழுந்திருக்கா,” என்று கணவர் ஆணியை அடித்தார்.

“இத மாட்ட வேணாங்க.”

“ஏன், நீ லட்சணமா இல்லேன்னா?”

“ஆமா.”

படத்தைப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். ஆணியில் நாட்காட்டியை மாட்டினேன்.