அர்ஜுனன் கை இறங்கும் வரை

வங்காளத் தலைநகரின் தாராதலாவில் லாரிப் பட்டறைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் சந்து ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு வழக்கம். பிரேக் வேலை முடிந்த வண்டி எதுவானாலும் நேராகச் சாலைக்குப் போய்விட முடியாது. சந்து முனையில் அர்ஜுனன் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்பார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், கண் மூடியிருக்கும். டிரைவர் பிரேக்கைப் பாதி மிதித்தபடி ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, வண்டியை ஆமை வேகத்தில் திருப்ப வேண்டும். எங்காவது காற்று கசிந்தால் அர்ஜுனனின் காது பிடித்துவிடும். கை மேலேயே நின்றால் வண்டி பட்டறைக்குத் திரும்ப வேண்டியதுதான். கை இறங்கினால் போகலாம். அந்தக் கை இறங்காமல் எந்த டிரைவரும் அங்கிருந்து கிளம்பியதில்லை. அவசரம் என்று குதிக்கிற முதலாளிகள்கூட அந்தக் கைக்குக் கட்டுப்பட்டார்கள்.

லாரிக்கு பிரேக் என்பது காற்றுதான். இன்ஜின் ஓட ஓடத் தொட்டியில் காற்று சேரும். மிதித்தால் அது குழாய்களில் ஓடிப்போய்ச் சக்கரத்தைப் பிடிக்கும். வழியில் கசிந்து போய்விட்டால், எத்தனை டன் ஏற்றியிருந்தாலும் வண்டியைப் பிடிக்க ஆள் கிடையாது. புது வண்டி என்றால் காற்று குறைந்ததும் அதுவே கூவி ஊரைக் கூட்டிவிடும். இந்தச் சந்துக்கு வருவதெல்லாம் வாயைத் திறக்காத பழைய வண்டிகள். அவற்றுக்காக வாயைத் திறப்பது அர்ஜுனனின் வேலையாக இருந்தது.

அவருடைய அப்பா ஆரணிப் பக்கத்திலிருந்து துறைமுகத்தில் கிரேன் வேலைக்கு வந்தவர். அர்ஜுனன் பிறந்ததே துறைமுகத்தை ஒட்டிய கிதிர்ப்பூரில். சண்டை போட பெங்காலி, பேரம் பேச இந்தி, வீட்டில் மட்டும் ஆரணித் தமிழ். டிரைவர்கள் அவரை அர்ஜுன்தா என்பார்கள். அந்த ஊரில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள். நாலு பட்டறைக்காரர்கள் கூப்பிட்டும் அவர் வேறு இடத்துக்குப் போகவில்லை. சந்து முனையில் நிற்கிற அந்த நிமிஷம் அவருக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

இந்த மழைக்காலத்தில் ஒரு ராத்திரிகூடக் கொசு காதில் பாடவில்லை. கார்ப்பரேஷன்காரர்களுக்கு ஒருவழியாகப் புத்தி வந்து ஒழுங்காக மருந்து அடித்துவிட்டார்கள் என்று நினைத்து, டீக்கடையில் அவர்களைப் புகழ்ந்துகூடப் பேசினார். உடம்பெல்லாம் தடித்திருந்ததை வேர்க்குரு என்று எடுத்துக்கொண்டார். பிறகு ஒருநாள் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தபோது, மனைவி தமயந்தி கூடத்திலிருந்து கத்தினாள்: "குக்கர் உஸ்ஸுன்னு கெடக்குதே, காதுல விழலியா? அணைங்க!" அவர் குக்கரைப் பார்த்தார். வெயிட்டைச் சுற்றி ஆவி பறந்துகொண்டிருந்தது. சத்தம் மட்டும் இல்லை. பேச்சு கேட்டது, ஹாரன் கேட்டது, அடுத்த வீட்டு டிவிகூடக் கேட்டது. அந்த உஸ் மட்டும் அவர் காதிலிருந்து கழன்று போயிருந்தது.

டாக்டரிடம் போகவில்லை. போனால் அவர் சொல்லிவிடுவாரே! அதற்குப் பதிலாகச் சோப்புத் தண்ணீருக்கு மாறினார். குழாய்க்குக் குழாய், இணைப்புக்கு இணைப்பு நுரையைத் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தார். வயது ஏற ஏற மனிதருக்கு நிதானம் வந்துவிட்டது என்று சந்தில் பேசிக்கொண்டார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் பாதகமில்லை. ஆனால் சந்து முனையில் போய் நிற்பதையும் அவர் விடவில்லை. கையைத் தூக்கினார், தலையைச் சாய்த்தார், கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் கழித்துக் கையை இறக்கினார். அந்தக் கை இல்லாவிட்டால் இந்தச் சந்தில் தான் யார் என்ற பயம் அவரை அப்படி நிற்க வைத்தது. நுரையில்தான் எல்லாம் பார்த்தாயிற்றே என்று மனசுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

விஸ்வகர்மா பூஜை வந்தது. அன்றைக்கு எவனும் ஸ்பேனரைத் தொடமாட்டான். கருவிகளுக்கெல்லாம் பொட்டு வைத்துப் படையலில் உட்கார்த்தி விடுவார்கள். அதனால் மறுநாள் காலையில் சந்து நிரம்பி வழிந்தது. வந்த வண்டிகளில் ஒன்று சதீஷுடையது. சதீஷ் தமயந்தியின் தம்பி. லாரி வேறொருவருடையது, ஓட்டுவது அவன். சதீஷைவிட ஏழெட்டு வயதுதான் சின்ன வண்டி. பம்பரில் பூஜைச் சாமந்தி வாடித் தொங்கியது. முதுகில் இரும்புச் சுருள் ஏற்றியாகிவிட்டது.

"நிறுத்தி வெச்சா காத்து எறங்கிடுது மாமா. காலைல ஏத்தறதுக்குள்ள உசுரு போவுது" என்றான்.

இன்ஜினை அணைத்துவிட்டுக் காற்றளவு காட்டும் முள்ளைப் பார்த்தார்கள். பிரேக்கைத் தொடாமலே முள் இறங்கியது. தொட்டிப் பக்கம்தான் கோளாறு. அர்ஜுனன் கீழே படுத்து நுரை தடவினார். தொட்டியின் அடியில், தண்ணீர் வடிக்கிற திருகில் குமிழி குமிழியாக வந்தது. அதை மாற்றினார். பிறகு சதீஷை மிதிக்கச் சொல்லி ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்தார். முள் நின்ற இடத்தில் நின்றது, நுரையும் சும்மா இருந்தது. சக்கரங்கள் எல்லாம் நேராக நின்றிருந்தன.

சந்து முனையில் போய்க் கையைத் தூக்கினார். சதீஷ் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினான். அவருக்கு இன்ஜின் சத்தம் கேட்டது. நேற்றைய பூஜைப் பந்தலில் ஒலிபெருக்கி இன்னும் பாடிக்கொண்டிருந்தது, அதுவும் கேட்டது. கையை இறக்கினார். சதீஷ் ஜன்னல் வழியாக அவரை ஒரு பார்வை பார்த்தான், பிறகு போய்விட்டான்.

தமயந்தி டிபன் டப்பாவோடு பட்டறை வாசலில் நின்றிருந்தாள்.

"என்னங்க அது, உஸ்ஸுன்னு? முன்சக்கரத்தாண்ட இருந்து வந்துச்சே?"

"காத்து ரொம்பிட்டா வெளிய தள்ளும். அதான்" என்றார் அவர், டப்பாவை வாங்கிக்கொண்டே.

"அது ஒருவாட்டி புஸ்ஸுன்னு விட்டுட்டு நின்னுடும்னு நீங்கதானே சொல்லுவீங்க? இது வண்டி திரும்பற வரைக்கும் வந்துச்சு. நேரா ஆனதும் நின்னுபோச்சு."

அவர் டப்பாவைத் திறக்காமலே கீழே வைத்தார். முன்சக்கரத்துக்குப் போகிற ரப்பர்க் குழாய். பழசாகி வெடித்திருக்கும். சக்கரம் நேராக இருந்தால் வெடிப்பு மூடிக்கொள்ளும், ஒடித்தால் வாயைப் பிளக்கும். நுரை தடவும்போது சக்கரம் நேராக இருந்தது. அதற்காகத்தானே சந்து முனையில் ஒடித்துத் திருப்பச் சொல்வதே! அந்த வழக்கத்தை உண்டாக்கியவரே அவர்தான்.

போனை எடுத்தார். சதீஷ் உடனே பேசினான்.

"சொல்லுங்க மாமா."

"எங்க இருக்கே?"

"லைன்லதான். நோ என்ட்ரி இன்னும் தெறக்கல. தெறந்ததும் பாலம் ஏறிடுவேன்."

சொல்ல வேண்டியது நாக்கு நுனிவரை வந்தது. வண்டியை எடுக்காதே, எனக்குக் கேட்கவில்லை. நாலே சொல். அவர் கேட்டது, "சாப்ட்டியா?"

"ஆச்சு மாமா. கச்சோரி" என்று சிரித்துவிட்டு அவன் வைத்துவிட்டான்.

தமயந்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவன் சாப்ட்டானான்னு கேக்கவா போன் பண்ணீங்க?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்குக் கேக்கல, இல்ல? வீட்ல கேக்கலன்னு எனக்குத் தெரியும். இங்கயுமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவமானத்தில் காது மடல் சுட்டது. கேட்காவிட்டாலும் சுடத்தான் செய்தது. எழுந்து போய் அலமாரியிலிருந்து புதுக் குழாய் ஒன்றையும் இரண்டு ஸ்பேனரையும் பையில் போட்டார்.

"நானும் வரேன். சத்தம் எங்க வருதுன்னு சொல்ல ஆள் வேணுமில்ல" என்று தமயந்தி ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டாள்.

பகலில் லாரிகளை ஊருக்குள் விடமாட்டார்கள். மதியம் கொஞ்ச நேரம் திறப்பார்கள், அதுவரை துறைமுகச் சாலை ஓரத்தில் வரிசையாகக் காத்துக் கிடக்க வேண்டும். திறந்துவிட்டால் எல்லாம் ஒரே மூச்சாக இரண்டாம் ஹூக்ளி பாலத்தில் ஏறும். ஏறுவது பெரிய காரியமில்லை. ஏறும் முன் வளைவில் மிதித்து மிதித்துத்தான் திரும்ப வேண்டும். அங்கே போகிற காற்று போய்விட்டால் அந்தப் பக்கம் இறக்கத்தில் என்ன மிச்சம் இருக்கும்? கீழே பேருந்துக்குக் காத்திருக்கிற ஜனம், பைக்குகள், இரும்புச் சுருளோடு சதீஷ். அர்ஜுனன் அதற்கு மேல் நினைக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. வழியில் மாஜேர்ஹாட்டில் நெரிசல். முன்னால் நின்ற டாக்ஸியை வாய்க்கு வந்தபடி திட்டினார். டாக்ஸிக்காரர் பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. போனை எடுத்து அவளிடம் நீட்டி, "நீயே சொல்லிடு" என்றார். தமயந்தி அழைத்தாள். லைனில் டிரைவர்கள் சீட்டாடுகிற நேரம். போன் வண்டிக்குள்ளேயே அடித்து ஓய்ந்தது.

வரிசை இன்னும் நின்றுகொண்டிருந்தது. எல்லா வண்டியிலும் வாடிய சாமந்தி. சதீஷ் வேப்பமரத்தடியில் சீட்டுக்கட்டைக் கையில் வைத்திருந்தான்.

"என்ன மாமா? அக்காவையும் கூட்டிக்கினு?"

"ஒண்ணுமில்ல, ஒரு ஸ்பேனரை வண்டிக்கடியிலேயே..." என்று ஆரம்பித்தவர், தமயந்தியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "வண்டில ஏறு. ஸ்டியரிங்கை முழுசா ஒடி. மிதிச்சுப் பிடி."

தமயந்தி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சக்கரத்தின் பக்கத்தில் குனிந்தாள். "இங்கதான். இதோ, இந்த வளைவுல" என்று விரலைக் காட்டினாள். அவர் விரலைத் தண்ணீரில் நனைத்து அங்கே வைத்தார். ஜில்லென்று காற்று அடித்தது. வெடிப்பு சுண்டுவிரல் நீளம் இருந்தது. இவ்வளவு காற்று போகிறது, அவருக்கு ஒரு சத்தமும் இல்லை.

தொட்டிக் காற்றை இறக்கிவிட்டுக் குழாயை மாற்றினார். மறுபடி ஏற்றி, ஒடித்து, மிதித்துப் பார்த்தார்கள். தமயந்தி காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு "இப்ப இல்ல" என்றாள். அர்ஜுனன் சக்கரத்தில் சாய்ந்தபடியே உட்கார்ந்துவிட்டார்.

"சதீஷு, எனக்குக் காது கேக்கலடா. இந்த உஸ் மட்டும். ரொம்ப நாளாவே."

சதீஷ் கழற்றிப் போட்ட குழாயை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் அர்ஜுனனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்குக் கேட்டுச்சு மாமா" என்றான். "பூஜைக்கு முன்னாடி இருந்தே திரும்பும்போது கேக்கும். இன்னிக்குச் சந்து முனையிலயும் கேட்டுச்சு. நீங்க பக்கத்துலயே நிக்கறீங்க, கையை எறக்கிட்டீங்க. அப்ப அது கசிவு இல்லபோலன்னு விட்டுட்டேன்."

அர்ஜுனன் அவனை நிமிர்ந்து பார்த்தார். அவர் இல்லாமலே இருந்திருந்தால் சதீஷ் தன் காதை நம்பியிருப்பான். எங்காவது நிறுத்தி, இறங்கி, குனிந்து பார்த்திருப்பான். இந்த மழைக்காலம் முழுவதும் சந்து முனையில் எத்தனை டிரைவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கும், எத்தனை பேர் இறங்கிய கையைப் பார்த்துவிட்டு அதை மறந்திருப்பார்கள்?

அப்போது முன்னால் விசில் ஊதினார்கள். நோ என்ட்ரி திறந்துவிட்டது. சீட்டாடியவர்கள் ஓடிப்போய் ஏறினார்கள். வரிசை முழுவதும் இன்ஜின்கள் உறுமின. முன்னால் நின்ற வண்டிகள் ஏற்கெனவே வளைவைத் தாண்டிக்கொண்டிருந்தன. அவற்றில் இரண்டின் பின்பக்கம் அவருக்கு அடையாளம் தெரிந்தது. எழுந்து ஓடினார். அவை போய்விட்டன. மூன்றாவது, டிரைவர் நிமாயின் நீல வண்டி, அப்போதுதான் நகர்ந்தது. போன மாதம் அவர் கையை இறக்கி அனுப்பிய வண்டி.

அர்ஜுனன் நடுச்சாலையில் போய் நின்று வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினார்.

நிமாய் சட்டென்று மிதித்தான். பம்பர் அவர் நெஞ்சுக்கு எதிரே வந்து நின்றது. அவனுக்குப் பின்னால் இருந்தவர்களும் அந்தக் கையைப் பார்த்தார்கள். தாராதலாவுக்கு வந்து போகிற எவனுக்கும் அதன் அர்த்தத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பார்க்காதவர்கள் ஹாரன் அடித்தார்கள். அதெல்லாம் அவருக்கு நன்றாகவே கேட்டது.

"கீ ஹோலோ, அர்ஜுன்தா?" என்ன ஆயிற்று என்று நிமாய் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினான்.

அவர் பெங்காலியில் பதில் சொன்னார். எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கவே சொன்னார். எனக்குக் காது கேட்காது, கசிவுச் சத்தம் கேட்காது, மழைக்காலத்திலிருந்தே கேட்காது.

நிமாய் அவரை உற்றுப் பார்த்தான். "அப்போ அன்னைக்கு என் வண்டிக்குக் கையை இறக்கினியே அர்ஜுன்தா?" என்று கேட்டான்.

அவர் இடது கையால் முன்சக்கரத்தைக் காட்டினார். "ஸ்டியரிங்கை ஒடி. மிதி" என்றார். தமயந்தி ஓடி வந்து முன்சக்கரத்தின் பக்கத்தில் மண்டியிட்டாள். தூக்கிய கையை இறக்காமல், கண்ணையும் மூடாமல், அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.