நாற்பத்து மூன்று டோக்கன்கள்

கரோலின் அக்காவுக்கு வயது நாற்பத்தொன்று. மூடிப்போன தங்கச் சுரங்கத்தை ஒட்டிய சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் பிறந்தார், ஸ்டீவனைக் கட்டிக்கொண்டு மூன்று வீடு தள்ளிக் குடிபோனார், இன்றும் அங்கேதான் இருக்கிறார். வாரத்தில் ஆறு நாள் விடிகாலை ரயிலைப் பிடித்து பெங்களூர் போகிறார். வைட்ஃபீல்டு பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து பத்தரை மணிக்கு, எங்கள் லைன் முனையில் பூட்டிக் கிடந்த பழைய கடை அறையைத் திறந்து பிள்ளைகளைக் கூட்டி ஒரு சுற்றுச்சூழல் சங்கம் நடத்துகிறார். அந்தச் சங்கத்துக்கு 'பச்சை ஷிப்ட்' என்று பெயர் வைத்தது பிள்ளைகள்.

அவரைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை. நான் பி.எஸ்ஸி. தாவரவியல் படித்தவள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில், "மமதா, சும்னேதானே இருக்கே, வந்து இங்கிலீஷ்ல ரெண்டு கடுதாசி எழுதிக் குடு" என்று அவர் கூப்பிட்டதால் போனேன். செடிகளைப் பற்றிப் படித்தவள் நான், செடிகளைப் பார்த்துக்கொண்டவர் அவர்.

சங்கம் ஒரு போஸ்டரில் தொடங்கியது. அவருடைய ஆபீஸில் சுற்றுச்சூழல் பற்றிய பழைய போஸ்டர்களைக் கழற்றிக் குப்பையில் போட்டபோது, நல்ல தாளாயிற்றே என்று சுருட்டி ரயிலில் கொண்டுவந்துவிட்டார். முதல் ஞாயிறு அதையே சுவரில் ஒட்டிப் பாடம் நடத்தினார். பல் விளக்கும்போது குழாயை மூடுங்கள் என்று ஒரு படம். அப்போது மூன்றாம் வகுப்பில் இருந்த இந்து எழுந்து நின்றாள்.

"ஆன்ட்டி, எங்க குழாயில எட்டு நாளைக்கு ஒருக்காதான் தண்ணி வருது. அத்த யாராவது மூடுவாங்களா?"

பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். கரோலின் அக்காவும் சிரித்தார். "இது பெங்களூர் குழாய்டி, நமக்கு ஆவாது" என்று சொல்லி போஸ்டரைக் கழற்றித் திருப்பி ஒட்டினார். பின்பக்க வெள்ளைத் தாளில், 'அரிசி கழுவின தண்ணி எங்க போவுது?' என்று பெரிதாக எழுதினார். அடுத்த வாரம் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்க் கேட்டு வந்தார்கள். முப்பத்தோரு வீட்டில் இருபத்தெட்டு வீட்டுத் தண்ணீர் நேராகச் சாக்கடைக்குப் போனது. இரண்டு வீட்டில் ஆட்டுக்கு வைத்தார்கள். ஒரு வீட்டில் பதில் வரவில்லை, திட்டுதான் வந்தது. அது ரத்தினம்மா வீடு.

போன வருஷம் ஜூனில், ராபர்ட்சன்பேட்டையில் வியாபாரிகள் நடத்தும் ஒரு சேவைச் சங்கம் எங்களுக்கு அறுபது மரக்கன்றுகள் கொடுத்தது. அதன் தலைவர் ஜெயகரன், ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். புதன்கிழமைதோறும் ஒரு டிராக்டர் டேங்கரில் தண்ணீரும் அனுப்புவதாகச் சொன்னார். அவர் கேட்டது ஒன்றுதான்: பாதிக்கு மேல் கன்றுகளைச் சயனைடு மேட்டின் அடிவாரத்தில் நட வேண்டும். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கலந்து தங்கத்தைப் பிரித்து எடுத்துவிட்டு, சுரங்கம் பல வருஷம் கொட்டிய சாம்பல் நிறத் தூள்தான் அந்த மேடு. காற்றடித்தால் எங்கள் சோற்றில் அது விழும். "அத்த பச்சையாக்கிட்டா ஊரே பாக்கும்மா" என்றார் ஜெயகரன். போட்டோவும் நன்றாக வரும் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

மண்ணைப் பற்றி ஒரு தாள் முழுக்கத் தேர்வெழுதிப் பாஸ் செய்தவள் நான். அந்தத் தூளில் வேர் பிடிக்குமா என்ற சந்தேகம் அன்றைக்கே வந்தது. போட்டோவுக்கு நிற்கச் சொன்னார்கள், போய் நின்றேன்.

முப்பத்தாறு கன்றுகள் மேட்டடியில், இருபத்து நாலு லைன் வீடுகளின் ஓரத்தில். எதை யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு கரோலின் அக்கா ஒரு வழி வைத்திருந்தார். எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வழிதான். சுரங்கத்தில் ஷிப்டுக்கு இறங்குகிறவர் பலகையிலிருந்து தன் நம்பர் டோக்கனை எடுத்துக்கொண்டு போவார், மேலே வந்ததும் திரும்ப மாட்டுவார். ஷிப்ட் முடிந்தும் ஆணி காலியாக இருந்தால் அந்த ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று பொருள். உடனே தேடப் போவார்கள். அதே மாதிரி அறையில் ஒரு பலகை அடித்து அறுபது ஆணி வைத்தார் அக்கா. பெயின்ட் டப்பா மூடிகளை வெட்டி நம்பர் குத்தி டோக்கன் செய்துகொடுத்தார் ஸ்டீவன் அண்ணன். ஞாயிறு காலை பிள்ளைகள் தங்கள் செடிகளின் டோக்கன்களை எடுத்துக்கொண்டு போவார்கள். தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு, செடி உயிரோடு இருந்தால் திரும்ப மாட்டுவார்கள். செத்திருந்தால் டோக்கனை அக்காவிடம் கொடுக்க வேண்டும். அவர் அதை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைப்பார்.

ஆகஸ்ட் காற்றில் மேட்டடிச் செடிகள் ஒவ்வொன்றாகப் போயின. இந்துவின் முப்பத்தெட்டாம் நம்பர் புங்கங்கன்றும் போனது. மூக்கைச் சிந்திக்கொண்டே டோக்கனைக் கொடுத்தாள். இந்த மே மாதத்தில் டின்னில் நாற்பத்து மூன்று டோக்கன்கள் இருந்தன, பலகையில் பதினேழு.

அப்போதுதான் ஜெயகரனிடமிருந்து செய்தி வந்தது. மாதக் கடைசிக்குள் ரிப்போர்ட் வேண்டும். எண்பது சதவீதம் உயிரோடு இருந்தால் அடுத்த வருஷமும் டேங்கர் வரும், கூடவே நூறு புதிய கன்றுகளும் வரும். இல்லையென்றால் டேங்கர் வேறு இடத்துக்குப் போய்விடும்.

கரோலின் அக்கா போனை என்னிடம் நீட்டினார். "பதினேழுதான்டி கீது. இத்த எழுதினா டேங்கர் நின்னுடும். டேங்கர் நின்னா பதினேழும் பூடும்."

"பொய் எழுதச் சொல்றீங்களாக்கா?"

"பொய் இன்னா பொய்? கொஞ்சம் லேட்டா உண்மையாவும், அவ்ளோதான். தண்ணி வந்தா செத்ததுக்குப் பதிலா வேற வெச்சுடப் போறோம்."

எழுதினேன். அறுபது கன்றுகளும் செழித்து வளர்கின்றன என்று ஆங்கிலத்தில். அந்த வாக்கியம் நன்றாக அமைந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஆங்கிலத்தில் எழுதும்போது அது எங்கள் ஊரைப் பற்றியது மாதிரியே தெரியவில்லை.

ஜூன் முதல் ஞாயிறு, நூறு கன்றுகளையும் கொடுக்கும் விழா. முந்தின நாள் சாயங்காலம் அறையைக் கூட்டிவிட்டு, அக்கா பிஸ்கட் டின்னை எடுத்தார். நம்பர் பார்த்து ஒவ்வொன்றாக மாட்டத் தொடங்கினார். நான் டின்னிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பலகை நிரம்பியது. மறுநாள் பிள்ளைகள் வந்து பலகையைப் பார்த்தார்கள், எங்களைப் பார்த்தார்கள். விழா என்பதால் அப்படி அலங்காரம் செய்திருக்கிறோம் என்று நினைத்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

ஜெயகரன் வந்தார். பின்னாலேயே கன்றுகளோடு ஒரு கூட்ஸ் ஆட்டோவும் வந்தது. அவருடைய அப்பாவும் சுரங்கத்தில் இருந்தவர்தான். உள்ளே நுழைந்ததும் பலகை முன்னால் நின்றுவிட்டார்.

"பரவாயில்லையே! அறுபது பேரும் மேல வந்துட்டாங்க. எங்கப்பா ஷிப்ட்லகூட போர்டு இவ்ளோ சுத்தமா இருந்திருக்காது."

கரோலின் அக்கா சிரிக்க முயன்றார்.

"நூறு செடியும் மேட்டுப் பக்கமே வெச்சுடுங்கம்மா. உங்க கைக்கு அங்கதான் நல்லா வருது போல."

அப்போது இந்து பலகைக்குக் கிட்டே போய் முப்பத்தெட்டைத் தொட்டுப் பார்த்தாள். கிண்டலாக இல்லை. முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"ஆன்ட்டி, என்னுது எப்போ மேல வந்துச்சு? அடியில துளிர் விட்டுச்சா?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் டோக்கனை எடுத்துக்கொண்டு, ஒரு பாட்டில் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். வாசலைத் தாண்டி மேட்டுப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"இந்து! நில்லுடி!" அக்கா பின்னாலேயே ஓடினார். பாதி வழியில் அவளைப் பிடித்துக் கையோடு கூட்டிவந்தார். மூச்சு வாங்கியது. இந்து கையிலிருந்த டோக்கனை வாங்கி டின்னில் போட்டார். அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"துளிர் விடலம்மா. செத்ததுதான். நான்தான் மாட்டினேன்." பிறகு மற்ற பிள்ளைகளைப் பார்த்தார். "யார் யார் செடி போயிடுச்சோ, வந்து டோக்கன எடுத்து இதுல போடுங்க."

பிள்ளைகள் முதலில் தயங்கினார்கள். பிறகு வரிசையாக வந்தார்கள். யாருக்கும் நம்பர் மறந்திருக்கவில்லை. நாற்பத்து மூன்றும் கழன்று வருவதற்கு வெகுநேரம் ஆனது போலிருந்தது. ஜெயகரன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா இது? ரிப்போர்ட்ட கமிட்டிக்கு அனுப்பிட்டேனே. யார் எழுதினது?"

"நான்தான் சார் அப்படி எழுதச் சொன்னேன்."

ஜெயகரன் கொண்டுவந்திருந்த பேனரின் கயிற்றைப் பிடித்தபடி நான் நின்றிருந்தேன். எழுதியது நான் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். சொல்லவில்லை. கயிறு அவிழ்ந்துவிடும் போல அதை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"மேட்டுல வெச்ச முப்பத்தாறுல ரெண்டுதான் சார் கீது. அதுவும் ரத்தினம்மா வீட்டுக் குளிக்கிற தண்ணி ஓடுற ஓரத்துல. நூறு செடிய அங்க வெச்சீங்கன்னா, நூறும் போயிடும். புள்ளைங்க வாராவாரம் போய் அது சாவறதப் பாக்கணும்" என்றார் அக்கா.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா தண்ணிய நிறுத்திடுவீங்க."

"நானா நிறுத்தறேன்? ரூல்ம்மா அது." அவர் குரல் இறங்கியது. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கமிட்டியில எனக்குத்தான் வெக்கம்."

கடைசியில் இருபது கன்றுகளை இறக்கிவிட்டு, மீதி எண்பதை ஆட்டோவோடு திருப்பி அனுப்பினார். போட்டோ எடுக்கவில்லை. பேனரைச் சுருட்டித் தன் வண்டியில் வைத்துக்கொண்டு போனார். டேங்கர் அதற்குப் பிறகு இரண்டு புதன்கிழமை வந்தது. மூன்றாவது புதன் வரவில்லை.

கரோலின் அக்கா போஸ்டரின் பின்பக்கத்தில் எழுதிய கேள்விக்கே திரும்பினார். இருபது கன்றுகளையும் எந்தெந்த வீட்டுத் தண்ணீர் எங்கே ஓடுகிறதோ அந்தந்த ஓரத்தில் வைத்தார்கள். பழைய பதினேழுக்கும் வீட்டுக்கு ஒரு பக்கெட் என்று ஏற்பாடு. ரத்தினம்மாவிடம் போனபோது நானும் கூட இருந்தேன்.

"தானா வந்துனு இருந்த டேங்கரத் தொரத்திட்டு, இப்ப என் பக்கெட்டு மேல கண்ணு வெச்சுட்டியா கரோலின்?"

"ஆமா அத்தே. உங்க தண்ணியிலதான் அந்த ரெண்டும் பொழச்சிருக்குது."

ரத்தினம்மா எட்டிப் பார்த்தார். தன் வீட்டுப் பின்னால் மேட்டடியில் இடுப்பளவு வளர்ந்திருந்த இரண்டு புங்கங்கன்றுகளை அன்றுதான் சரியாகப் பார்த்தார் போலிருக்கிறது. "அப்ப அது எங்க மரம். என் நம்பர்ல எழுது" என்றார். அக்கா அவருக்கும் ஒரு டோக்கன் கொடுத்தார். எழுபது வயதில் அவரும் ஞாயிறு காலை வந்து மாட்டிவிட்டுப் போகிறார். வரும்போதெல்லாம் அறை சரியாகக் கூட்டவில்லை என்று குறை சொல்கிறார்.

டேங்கர் நின்று இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு, அக்கா என்னிடம் ஒரு நோட்டுத் தாளைக் கொடுத்தார். "ரிப்போர்ட்ட மறுபடி எழுது. இந்த வாட்டி தமிழ்ல எழுது, புள்ளைங்க படிக்கட்டும். அப்புறமா ஜெயகரன் சாருக்கும் ஒண்ணு அனுப்பலாம்."

"அவரு இனிமே இன்னாக்கா பண்ணப் போறாரு?"

"ஒண்ணும் பண்ண வேணாம். அந்த மேட்டுல வேற யாரையாவது வெக்கச் சொல்லாம இருந்தாப் போதும்."

எழுதினேன். நட்டது அறுபது. பிழைத்தது பதினேழு. செத்தது நாற்பத்து மூன்று, அதில் முப்பத்து நாலு மேட்டடியில். மேட்டு மண்ணில் செடி நிற்காது என்ற சந்தேகம் நடும்போதே இருந்தது, சொல்லவில்லை. முதல் ரிப்போர்ட்டை எழுதியவள் மமதா. இந்த இரண்டு வரிகளை எழுதத்தான் நேரம் ஆனது. அக்கா படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து என்னை உரக்கப் படிக்கச் சொன்னார்.

நாற்பத்து மூன்று என்று நான் படித்ததும் இந்து கையைத் தூக்கினாள்.

"அக்கா, அது தப்பு. நாப்பத்து நாலு. பன்னெண்டாம் நம்பர நேத்து ஆடு தின்னுடுச்சு. டோக்கன் என் பையிலதான் கீது, இன்னும் குடுக்கல."

"யார் வீட்டு ஆடுடி?" என்றார் கரோலின் அக்கா.

"எங்க வீட்டு ஆடுதான்."

அக்கா டின்னை அவள் பக்கம் நகர்த்தினார். நான் நாற்பத்து மூன்றை அடித்துவிட்டு நாற்பத்து நாலு என்று எழுதினேன். பதினேழை அடித்துவிட்டுப் பதினாறு என்று எழுதினேன்.