டாக்டரிடம் சொன்ன பொய்

என் வீட்டுக்காரர் கிள்ளான் துறைமுகத்தில் முப்பது வருடம் லோரி ஓட்டியவர். வேலையை விட்ட இரண்டாம் மாதமே நடை சுருங்கியது, முகத்தில் சிரிப்பு நின்றது. கோலாலம்பூரில் ஒரு பெரிய நரம்பு மருத்துவரிடம் காட்டினோம். பார்க்கின்சன் என்றார். "மாத்திரை நல்லா வேலை செஞ்சா, நோய் அதுதான்னு உறுதியாயிடும். பல வருஷம் சமாளிக்கலாம்" என்றார். நான் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஒவ்வொரு முறை டாக்டரிடம் போகும்போதும் கல்யாணத்துக்குக் கிளப்புவது போல அவரைக் கிளப்புவேன். சவரம், இஸ்திரி போட்ட சட்டை, வாசலில் மூன்று தடவை நடைப் பயிற்சி. "டாக்டர் முன்னாடி மானத்தை வாங்காதீங்க" என்பேன். எப்படி இருக்கிறார் என்று டாக்டர் கேட்டால், எங்கள் ஆட்கள் எல்லாரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்: "ஓகே டாக்டர், உங்க மருந்துல நல்லா இருக்கார்." வீட்டில் யாருக்கும் அடங்காத வாய் எனக்கு. அந்த அறைக்குள் போனால் அடங்கிவிடும். டாக்டர் மனம் கோணினால் எங்களைக் கைவிட்டுவிடுவார் என்று பயம்.

உண்மையில் மாத்திரை ஒன்றுமே செய்யவில்லை. அவர் மரம் சாய்கிற மாதிரி பின்பக்கமாக விழுந்துகொண்டிருந்தார். படி இறங்கும்போது காலைப் பார்க்க மாட்டார். தட்டில் இருக்கும் மீனை விட்டுவிட்டு எதிர்ச் சுவரைப் பார்த்தபடி சாப்பிடுவார். பிடிவாதம் என்று திட்டினேன்.

மூன்றாம் வருடம் அந்த மருத்துவர் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு ஓர் இளம் பெண் மருத்துவர் வந்திருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே, "அங்கிள், தலையை அசைக்காம என் விரலை மட்டும் பாருங்க லா" என்றார். விரல் கீழே இறங்கியது. இவர் கண் இறங்கவில்லை. இன்னொரு தடவை காட்டினார். அப்போதும் இறங்கவில்லை.

"ஆன்டி, எப்ப இருந்து விழறாரு?"

"முதல் வருஷத்துல இருந்தே."

"ஃபைல்ல மருந்து நல்லா வேலை செய்யுதுன்னு இருக்கே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "இது பார்க்கின்சன் மாதிரியே ஆரம்பிக்கிற வேற நோயா இருக்கலாம். மாத்திரைக்கு அடங்காது, வேகமாவும் போகும். ஆரம்பத்துல எங்களுக்கே தப்பும் ஆன்டி. ரத்தம் எடுத்துச் சொல்ற நோய் இல்ல. நாங்க பாக்கிறதையும் நீங்க சொல்றதையும் வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும்."

திரும்பும் வழியில் பிரிக்ஃபீல்ட்ஸ் ஜாமில் கார் நின்றது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தேன். இவருக்கு இப்போது ஒரு வாக்கியம் சொல்லவே வெகு நேரம் ஆகும். திக்கித் திக்கிச் சொன்னார்:

"விழறதை... பழைய டாக்டர்கிட்ட... அன்னைக்கே சொல்ல வந்தேன். நீதான்... தொடையில கிள்ளுனே."

கிள்ளியது எனக்கும் நினைவிருந்தது.