தலை தேய்ந்த ஸ்க்ரூ

விருத்தாசலத்து ஹார்டுவேர் கடையில் மர அலமாரியின் ஸ்க்ரூக்களைத் திருக ஸ்டார் பிட் கேட்டேன். கையோடு கொண்டுபோயிருந்த ஸ்க்ரூவில் பிட்டைப் பொருத்தித் திருப்பியதும் கிரீச்சென்று வழுக்கியது.

"கொஞ்சம் லூசுங்க, அழுத்திப் புடிச்சா போதும்," என்றார் கடைக்காரர்.

அழுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் உடல் துபாயிலிருந்து மரப்பெட்டியில் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. மூடியைச் சுற்றிலும் ஸ்டார் ஸ்க்ரூக்கள். வீட்டில் இருந்ததோ தட்டை ஸ்க்ரூ டிரைவர். பீங்கான் கம்பெனியிலிருந்து களிமண் கையோடு ஓடிவந்த சித்தப்பா, பதற்றத்தில் அதை வைத்தே அழுத்தித் திருகினார். கிரீச், கிரீச். ஒரு ஸ்க்ரூகூட அசையவில்லை. ஒவ்வொன்றாகத் தலைகள்தான் தேய்ந்து மழுங்கின.

"ஒரே ஒரு வாட்டி மொகத்த காட்டுங்க!" அம்மா மூடியை நகத்தால் பிறாண்டினாள்.

"கடப்பாரைய போட்டா அண்ணன் மேல பட்டுடும் அண்ணி," என்று சித்தப்பா கதறினார்.

கல்லறைத் தோட்டத்தில் சாமியார் காத்திருந்தார். பெட்டியைத் திறக்காமலே குழிக்குள் இறக்கினோம்.

கடைக்காரரிடம் வேறு பிட் வாங்கி, அசையாமல் உட்காருகிறதா என்று பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா இத்தனை வருஷமாகக் கேட்பதையேதான் இன்றைக்கும் கேட்டாள்.

"உள்ள இருந்தது உங்கப்பாதான்னு யாருடா பாத்தீங்க?"