யாரும் ஏறாத ஊஞ்சல்

"வெளாடுறதுக்கு எடம் தேடி பஸ் ஏறுற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன். இதுக்குத்தான் அம்புட்டுப் படிச்சியாக்கும்?"

போனில் மதினி இப்படிக் கேட்டபோது நானும் சேர்ந்து சிரித்தேன். மதினி என் அண்ணன் மனைவி. கோம்பையில் திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். கல்லூரியும் முடித்து, தேனியில் ஓர் ஏலக்காய் வியாபார அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இருந்ததே இல்லை. அதனால் மதினி அதை வைத்துத்தான் என்னைக் கிண்டல் செய்வார்.

அன்று நான் சிரித்தாலும் மனசு சரியில்லை. என் மகளுக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. எது வேண்டுமானாலும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அதன்மேல் வைப்பாள். காதில் குறையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். "செல்போனைப் பிடுங்கி வைங்க. மத்த பிள்ளைகளோட விடுங்க. பிள்ளைங்ககிட்டதான் பிள்ளை பேசும்" என்றார்.

மத்த பிள்ளைகளுக்கு எங்கே போவது? நாங்கள் இருப்பது மாடி வீடு. அவள் அப்பா காய்கறி லாரி ஓட்டிக்கொண்டு பாதி நாள் கேரளாவில் இருப்பார். நான் அலுவலகம் போனால் கீழ்வீட்டு அம்மாதான் பார்த்துக்கொள்வார். அவருக்கு முழங்கால் வலி. படி இறங்கி ஓடும் குழந்தையை அடக்க அவர் கையில் இருந்த ஒரே வழி போன்.

தேனியில் முதலில் ஒரு பூங்காவுக்குப் போனோம். ஊஞ்சல் சங்கிலிகளை மேல்கம்பியில் சுற்றிக் கட்டியிருந்தார்கள். காவலுக்கு இருந்தவரிடம் கேட்டேன்.

"பெரியாளுக உக்காந்து ஒடைச்சுப்புட்டாகம்மா. அதான் கட்டிப் போட்டாச்சு."

"பிள்ளைக ஆடலாம்ல?"

"பிள்ளைக ஆடுனா, பாத்துக்கிட்டே இருக்குற பெரியாளுக்கும் ஆச வந்துருதுல்ல?"

இன்னொரு ஞாயிறு வைகை அணைப் பூங்காவுக்குப் போனோம். சறுக்கு, ஊஞ்சல், புல்தரை எல்லாம் இருந்தன. எங்கிருந்தெல்லாமோ வேன் பிடித்து வந்த குழந்தைகளும் இருந்தார்கள். ஒவ்வொரு குழந்தையையும் சறுக்கின் உச்சியில் உட்காரவைத்துப் போட்டோ எடுத்தார்கள், அடுத்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். என் மகள் மஞ்சள் கவுன் போட்ட ஒரு சிறுமியின் பின்னால் ஓடினாள். அந்தச் சிறுமியும் திரும்பிச் சிரித்தாள். அதற்குள் அவளை வேனில் ஏற்றிவிட்டார்கள். அங்கே எந்தக் குழந்தையையும் இரண்டாம் முறை பார்க்க முடியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இதை மதினியிடம் சொன்னபோது, "இங்கன மலையோரமா ஒண்ணு கட்டிப் போட்டிருக்காக. சும்மாதான் கெடக்கு. வந்து பாரு" என்றார். சும்மா கிடக்கிறது என்றால் கூட்டம் இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

நான் கல்யாணமாகிப் போன பிறகு கட்டிய பூங்கா அது. உள்ளே போனதும் நின்றுவிட்டேன். கால் புதையும் அளவுக்கு ஆற்று மணல். புளியமர நிழல். குட்டிக் கால்களுக்கு ஏற்ற உயரத்தில் சறுக்கு, சீசா, இரண்டு ஊஞ்சல். வேலிக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பும் மலையும். பெயிண்ட் துளி உரியவில்லை. இவ்வளவு தேடியதற்குக் கிடைத்துவிட்டது என்று மகளைத் தூக்கி ஊஞ்சலில் வைத்தேன். மதினி தன் மகளோடு கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"உள்ள வாங்க மதினி."

"இருக்கட்டும் ஆத்தா. நீ ஆட்டு."

மேலே பார்த்தேன். ஊஞ்சலின் மேல்கம்பியில் ஒரு தகரப் பலகை. இரண்டு சடை பின்னிய ஒரு சிறுமியின் படம். கீழே அவள் பெயர், 'தோற்றம்' என்று ஒரு தேதி, 'மறைவு' என்று ஒரு தேதி. அதற்கும் கீழே, 'கண்ணீருடன் பெற்றோர் உபயம்.' மதினிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அது என்ன பலகை என்று தெரியும். படத்தின் நெற்றியில் குங்குமம் வைத்திருந்தது.

மேலத்தெருவில் இருக்கும் குடும்பமாம். காய்ச்சலில் போன ஒரே மகள். அவள் பெயரில் ஊர்ப் பிள்ளைகள் விளையாடட்டும் என்று எல்லாவற்றையும் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். பெரியவர்கள் இறந்தால் பஸ் நிறுத்தத்துக்குப் பெஞ்சு வாங்கிப் போட்டு எப்படி எழுதுவார்களோ, அப்படியே இதிலும் எழுதிவிட்டார்கள். திறப்பன்று சூடம் காட்டி, மாலை போட்டு, வெறும் ஊஞ்சலை ஒருமுறை ஆட்டிவிட்டார்களாம். அதற்குப் பிறகு எந்தத் தாய் தன் பிள்ளையை அதில் உட்காரவைப்பாள்?

என் மகள் சிரித்துக்கொண்டு ஆடினாள். அந்தச் சத்தம் கேட்டுத் தெருப்பிள்ளைகள் வேலியோரம் வந்து நின்றார்கள். ஒரு சின்னப்பெண் கேட்டைத் தள்ளி ஒரு கால் உள்ளே வைத்துவிட்டாள்.

"ஏ புள்ள, இங்கன வா! அதுல கைய வச்ச, கைய ஒடிச்சுப்புடுவேன்!"

அவள் அம்மா தலையில் புல்லுக்கட்டோடு ரோட்டில் நின்றார். நான் அவரிடம் போனேன்.

"அதுல என்னக்கா இருக்கு? இரும்புதான? எம்புள்ளையும் ஆடுறாள்ல?"

"படிச்சவுக, உங்களுக்கு ஒண்ணும் இருக்காது. நாளைக்கு எம்புள்ளைக்கு மேலு சுட்டா நீங்களா வந்து பாப்பீக?"

தேனிக்குத் திரும்பும் பஸ்ஸில் மகள் மடியில் தூங்கிப்போனாள். என் கை தானாகப் போய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது. எடுத்துவிட்டேன். சின்னமனூர் தாண்டியதும் மறுபடியும் தொட்டுப் பார்த்தேன்.

இருந்தாலும் ஞாயிறுதோறும் போனேன். மகளுக்கு ஒன்றும் ஆகாததைப் பார்த்தாவது வருவார்கள் என்று நினைத்தேன். "ஒம்புள்ள டவுனுப்புள்ள, கணக்குல சேராது" என்று மதினி சிரித்தார். "பேசாம அந்தப் படத்து மேல பெயிண்ட அடிச்சு விட்ரு" என்றும் சொன்னார். தன் மகளை அவரும் ஒருநாளும் உள்ளே விடவில்லை. பிள்ளைகள் வருவார்கள், வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். என் மகள் ஊஞ்சலை விட்டு இறங்கி வேலிக்கு ஓடுவாள். கம்பி இடுக்கில் விரல்கள் தொட்டுக்கொள்ளும். ரோட்டிலிருந்து "வா, வா" என்று யாராவது ஒரு அம்மா கூப்பிடுவார். விரல்கள் போய்விடும்.

போன ஞாயிறு வேலியோரம் ஒருவரும் மிச்சமில்லை. என் மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலி ரோட்டைப் பார்த்து, "வா" என்றாள். தெளிவாகச் சொன்னாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் சொல். எத்தனையோ நாள் நான் காத்திருந்த சொல்லுக்கு என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. யாரும் வரவில்லை. அவள் இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு மணலில் உட்கார்ந்துகொண்டாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு மேலத்தெருப் பக்கம் திரும்பினேன். மதினி பின்னாலேயே வந்தார்.

"கேதம் நடந்த வீட்டுக்குப் புள்ளையவா தூக்கிட்டுப் போற? அவுககிட்டப் போயி என்னத்தக் கேப்ப? உம்மக படத்தக் கழட்டுங்கன்னா?"

அதைத்தான் கேட்க வேண்டும். பெயர் இருக்கட்டும், படத்தையும் அந்தத் தேதிகளையும் மட்டும் எடுத்துவிடுங்கள் என்று. அதை ஒரு தாயிடம் எந்த வார்த்தையில் கேட்பது என்று நான் படித்த எதிலும் இல்லை. கழற்றினாலும் பிள்ளைகள் வருவார்கள் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. ஊருக்குத்தான் எல்லாம் தெரிந்துவிட்டதே.

பச்சை பெயிண்ட் அடித்த கதவு. வாசலில் கோலம் இல்லை. மகளை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு கதவைத் தட்டினேன். உள்ளே ஓடிக்கொண்டிருந்த டிவியை யாரோ நிறுத்தினார்கள்.